மறுபடி வந்த லிம்போமா: மஜ்ஜை மாற்றா, கார்-டி செல்லா?

போன கார்த்திகையில் பெரியப்பாவுக்குக் கழுத்தில் மறுபடி நெறி கட்டியது. சிவகிரிப் பக்கம் தோட்டம். மஞ்சள் வெட்ட இன்னும் இரண்டு மாதம் இருந்தது. "தொண்டை கட்டுனதுக்கு வந்திருக்கும் சாமி, வெட்டு முடியட்டும்" என்று தள்ளிப் போட்டார். பத்தே நாளில் அது எலுமிச்சை அளவுக்கு வளர்ந்துவிட்டது. திசு எடுத்துப் பார்த்தால், அதே பழைய டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் லிம்போமா, அதாவது பி-செல் என்ற வெள்ளை அணுக்களில் வரும் புற்றுநோய்.

அன்றைக்கே வீடு இரண்டு கட்சியானது. பெங்களூரில் வேலையில் இருக்கும் தம்பி, "இப்பல்லாம் கார்-டி தாண்ணா, மஜ்ஜை மாத்தறதெல்லாம் பழசு" என்றான். பெரியம்மாவுக்கு வேலூர்தான். சம்பந்தி வீட்டில் ஒருவர் அங்கே மஜ்ஜை மாற்றிக்கொண்டு வந்து பதினோரு வருடமாகத் தறி ஓட்டுகிறார். "கண்ணுல பார்த்ததை உட்டுப்போட்டுக் காதுல கேட்டதுக்குப் போவாங்களா?" என்று கேட்டார்.

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் மருந்தாளுநர், புற்றுநோய் மருத்துவர் அல்ல. ஆனாலும் ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துவைத்து மூன்று வாரம் உட்கார்ந்தேன். படித்ததை எங்கள் மருத்துவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இரண்டிலும் நோயாளியின் சொந்த செல்களைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் செய்கிற வேலை வேறு. மஜ்ஜை மாற்றில் நோயைக் கொல்வது கீமோதான். 'பீம்' என்ற நான்கு மருந்துக் கூட்டை மிகப் பெரிய அளவில் ஏற்றுவார்கள். அதில் மஜ்ஜையும் கருகிவிடும். முன்கூட்டியே எடுத்து உறைய வைத்த ஸ்டெம் செல்களைத் திருப்பி ஏற்றுவது அந்த மஜ்ஜையை மீட்கத்தான். ஆக, கீமோவுக்குக் கட்டுப்படாத நோய்க்கு இன்னும் பெரிய கீமோ கொடுத்து அதிகம் பயனில்லை. கார்-டியில் டி-செல்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்களை எடுத்து, ஆய்வகத்தில் மரபணு சேர்த்து, சிடி19 என்ற அடையாளம் உள்ள பி-செல்களைத் தேடி அழிக்கப் பழக்குகிறார்கள். கீமோ தோற்ற இடத்திலும் இது வேலை செய்யும்.

மஜ்ஜை மாற்றுக்கு அடித்தளம் 1995இல் வந்த பார்மா ஆய்வு. திரும்பி வந்த நோய், ஆனால் கீமோவுக்கு இணங்கிய நோய் உள்ள 109 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஐந்து ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் மாற்றுப் பிரிவில் 53 சதவீதம், வெறும் கீமோ பிரிவில் 32 சதவீதம். 'இணங்கிய' என்ற அந்தச் சொல்லைக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பி-செல்களைக் குறிவைக்கும் ரிட்டுக்சிமாப் என்ற ஆன்டிபாடி மருந்து கிடையாது. அது வழக்கத்துக்கு வந்த பிறகு 2010இல் வெளியான கோரல் ஆய்வு, ரிட்டுக்சிமாப் போட்டும் நோய் சீக்கிரமே திரும்பியவர்களுக்கு இந்தப் பாதை பெரிதாக உதவவில்லை என்று காட்டியது. மூன்று ஆண்டு நோய் தலைகாட்டாமல் இருந்தவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான்.

அந்தச் 'சீக்கிரம் திரும்பியவர்களை' வைத்துத்தான் கார்-டி நேரடியாக மோதியது. மூன்று பெரிய ஆய்வுகள். மூன்றிலும் சேர்க்கப்பட்டவர்கள் முதல் சிகிச்சைக்கே மசியாதவர்கள், அல்லது அது முடிந்து 12 மாதத்துக்குள் நோய் திரும்பியவர்கள். ஜூமா-7இல் 359 பேர். இரண்டு ஆண்டு முடிவில் நோய் மீண்டும் முற்றாமலும் வேறு சிகிச்சை தேவைப்படாமலும் இருந்தவர்கள் கார்-டி பக்கம் 41 சதவீதம், கீமோ போட்டு, கேட்டால் மஜ்ஜை மாற்று என்ற பக்கம் 16. நான்கு ஆண்டு உயிர்வாழ்வு 54.6-க்கு 46. வேறொரு கார்-டி மருந்தை வைத்துச் செய்த டிரான்ஸ்ஃபார்ம் ஆய்வும் கார்-டி பக்கமே சாய்ந்தது. மூன்றாவதான பெலிண்டாவில் வித்தியாசமே இல்லை, நோய் அடங்கியிருந்த காலத்தின் நடுமதிப்பு இரண்டு பிரிவிலும் மூன்றே மாதம். அங்கே செல் தயாராகி உடம்புக்குள் போவதற்குள் ஏழு வாரத்துக்கு மேல் ஓடிவிட்டது. வேகமாக வளரும் நோய் அவ்வளவு நாள் காத்திருக்காது. மருந்தும் வேறு, சேர்த்த நோயாளிகளும் வேறு என்பதால் தாமதம் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் கார்-டி என்று பேச்செடுக்கிற குடும்பம் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "செல் எடுத்த நாளிலிருந்து ஏத்தற நாள் வரைக்கும் எத்தனை நாளுங்க?" என்பதுதான்.

தம்பியிடம் ஜூமா-7 கட்டுரையைக் காட்டி நான் பேசியது வேறு ஒரு எண்ணைப் பற்றி. மஜ்ஜை மாற்றுப் பிரிவில் போடப்பட்ட 179 பேரில் மாற்று வரை போய்ச் சேர்ந்தவர்கள் 36 சதவீதம்தான். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு இடைப்பட்ட கீமோ கேட்கவில்லை. கார்-டி பிரிவிலோ பத்தில் ஒன்பது பேருக்கு மேல் செல் ஏற்றப்பட்டது. அதாவது அந்த ஆய்வு மஜ்ஜை மாற்றையும் கார்-டியையும் அருகருகே நிறுத்திப் பார்க்கவில்லை. இரண்டு ஊருக்குப் போகும் இரண்டு பாதைகளைப் பார்த்தது. ஒரு பாதையில் பாதிப் பேருக்கு மேல் வழியிலேயே நின்றுவிட்டார்கள். நின்றவர்களில் பலருக்குப் பிறகு கார்-டி கிடைத்தது. உயிர்வாழ்வில் இடைவெளி குறைவாகத் தெரிவதற்கு அதுவும் காரணம்.

அப்படியானால் பாதையைக் கடந்துவிட்டவருக்கு எது? 2022இல் அமெரிக்க மாற்றுச் சிகிச்சைப் பதிவேட்டை வைத்து 411 பேரை அலசினார்கள். கீமோவில் நோய் ஓரளவு சுருங்கியவர்கள் இவர்கள். இரண்டு ஆண்டு உயிர்வாழ்வு மஜ்ஜை மாற்றில் 69 சதவீதம், கார்-டியில் 47. இது குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு அல்ல. கார்-டிக்குப் போனவர்கள் ஏற்கெனவே அதிகம் அடிபட்டவர்களாக இருந்திருக்கலாம். இருந்தாலும் 'பழசு' என்று ஒதுக்குவதற்கு இது இடம் கொடுக்கவில்லை.

பெரியப்பாவின் கோப்பை மருத்துவர் பின்பக்கத்திலிருந்து புரட்டினார். தேடியது ஸ்கேன் படத்தை அல்ல, முதல் சிகிச்சையான ஆர்-சாப் மருந்துக் கூட்டை ஆறாவது, கடைசி முறையாக ஏற்றிய தேதியை. முந்தின வருடம் ஆனி. விரல் விட்டு எண்ணினார்: பதினேழு மாதம். "பன்னெண்டு தாண்டிருச்சுங்க. ரெண்டு சைக்கிள் வேற கீமோ போட்டுப் பெட் ஸ்கேன் பார்ப்போம். கேட்டுச்சுன்னா மஜ்ஜை மாத்தலாம், கேக்கலைன்னா கார்-டி பேசுவோம்." வீட்டில் ஒரு வாரம் நடந்த சண்டை அரை நிமிடத்தில் முடிந்தது.

ஒன்பதாவது மாதத்தில் திரும்பியிருந்தால் நானும் தம்பி பக்கம்தான் நின்றிருப்பேன், கடன் வாங்கியாவது. அப்போது நம் நாட்டு நெக்ஸ்கார்19தான் யோசனையில் இருந்திருக்கும். மும்பை ஐஐடியும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கியது. 2023 அக்டோபரில் ஒப்புதல், 2024 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அர்ப்பணித்தார். வெளிநாட்டில் மூன்று நான்கு கோடி ஆகிற சிகிச்சை இங்கே 30, 40 லட்சத்துக்கு வந்தது சாதாரண விஷயமல்ல. 64 பேரிடம் செய்த ஆய்வில், பலனைக் கணிக்க முடிந்தவர்களில் 73 சதவீதம் பேருக்கு நோய் சுருங்கியது. நரம்புப் பாதிப்பும் மிகக் குறைவு. ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரிவு கிடையாது. ஜூமா-7இன் எண்களை எடுத்து இதற்கு ஒட்டக்கூடாது, மருந்து வேறு.

உடம்பு படுகிற பாடு இரண்டிலும் உண்டு, வேறு வேறு விதமாக. மாசியில் பெரியப்பாவுக்கு மெல்ஃபலான் ஏறும்போது வாயில் ஐஸ் கட்டியை அடக்கிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். வாயின் ரத்தக் குழாய்கள் சுருங்கினால் மருந்து அங்கே குறைவாகப் போகும், புண் குறையும். நர்ஸ் பொண்ணு டம்ளரை நிரப்பிக்கொண்டே இருந்தது. அவர் பல் கிட்டிப்போய், கண்ணை மூடி, ஒரு கட்டியைக்கூடத் துப்பவில்லை. ஸ்டெம் செல் பையை வெதுவெதுப்பான நீரில் உருக்கி ஏற்றிய அன்று அறை முழுக்கப் பூண்டு நசுக்கிய வாடை. உறைய வைக்கக் கலக்கும் டிஎம்எஸ்ஓ மூச்சில் வெளியேறும் வாடை அது. பெரியம்மா அடுத்த நாள் ரசத்தில் பூண்டே போடவில்லை.

கார்-டியில் வாய்ப்புண் அவ்வளவு இராது. காய்ச்சல், ரத்த அழுத்தம் விழுதல், சிலருக்கு மூளை தடுமாறுதல்தான் பயம். ஜூமா-7இல் ஐந்தில் ஒருவருக்குக் கடுமையான நரம்புப் பாதிப்பு வந்தது. அதைக் கண்டுபிடிக்க நோயாளியை ஒரு தாளில் ஒரு வரி எழுதச் சொல்வார்கள். திருப்பூர் நண்பர் ஒருவரின் அக்காவுக்குச் செல் ஏற்றியபோது அந்தத் தாள்களைப் பார்த்தேன். "இன்றைக்கு மழை பெய்தது" என்று நான்கு நாள் ஒரே வரி. மூன்றாம் நாள் எழுத்து கோடு தாண்டிச் சரிந்து 'ழை' உடைந்து கிடந்தது. உடனே ஸ்டீராய்டு கொடுத்தார்கள். நான்காம் நாள் எழுத்து நிமிர்ந்துவிட்டது.

இந்த இரண்டுக்குமே உடம்பு தாங்காதவர்களுக்கு மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: கிளோஃபிடமாப், எப்கோரிடமாப் போன்ற இருமுனை ஆன்டிபாடிகள். ஒரு முனை டி-செல்லையும் மறுமுனை பி-செல்லையும் பிடித்துச் சேர்க்கும். செல் எடுக்க வேண்டாம், தயாரான குப்பியில் வரும். கிளோஃபிடமாப் 12 சுற்றோடு முடியும். பல சிகிச்சை தோற்றவர்களில் 39 சதவீதம் பேருக்கு நோய் முழுதாக மறைந்தது. எழுபது தாண்டிய அப்பாரு, அம்மிச்சிக்கு என்று கேட்பவர்களிடம் நான் முதலில் இதைத்தான் விசாரிக்கச் சொல்கிறேன்.

செலவை மறைக்காமல் சொல்கிறேன். மஜ்ஜை மாற்று தனியாரில் பத்து லட்சம் முன்னே பின்னே ஆனது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. உங்கள் மருத்துவமனையில் இந்தச் சிகிச்சை அதில் சேருமா என்பதைச் சேருவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கோவையிலேயே மாற்று செய்கிறார்கள். வேலூர் சிஎம்சியில் 1986இலிருந்து செய்கிறார்கள். கோவை எக்ஸ்பிரஸில் ஈரோட்டில் ஏறினால் காட்பாடியில் இறங்கலாம் என்பதால் நம் ஜனத்துக்கு வேலூர் பழகிய வழி. ஆனால் முதல் மூன்று மாதம் அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும், நடுராத்திரி காய்ச்சல் வந்தால் ஓட வேண்டும். அதனால் நாங்கள் கோவையே என்று முடிவெடுத்தோம்.

ஆய்வில் சேரச் சொன்னால் 'எலியாக்கப் பார்க்கிறார்கள்' என்று எழுந்து வந்துவிட வேண்டாம். நம் நாட்டு மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் சிடிஆர்ஐ பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். ஆய்வால் கேடு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் பற்றிய 2019 விதிகள் சொல்கின்றன. பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

பெரியப்பா வீடு திரும்பிவிட்டார். சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளையெல்லாம் புதிதாகப் போட வேண்டும். வைக்கோல் புழுதியில் பூஞ்சை இருக்கும் என்பதால் கட்டுத்தரைப் பக்கம் போகக்கூடாது. எருமைகளைச் சித்தப்பா ஓட்டிப் போய்விட்டார். காலையில் பால் பீய்ச்சுகிற நேரத்துக்கு இவர் திண்ணைக்கு வந்து, மாஸ்க்கோடு அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அடுத்த பெட் ஸ்கேன் ஆவணியில்.