நன்றாக நடப்பவருக்குப் பரிசு: எந்த கேம் சரியாகச் செய்கிறது?

கேரள எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பையன்கள் ஆன்லைன் கேமில் டீம் போட்டால் தமிழும் மலையாளமும் கலந்துதான் ஓடும். தோற்கும்போது வசவும் அப்படியே. இதைப் புகார் செய்யும் ரிப்போர்ட் பட்டன் பெரும்பாலான ஆன்லைன் கேம்களில் உண்டு. வசவையும் கள்ளாட்டத்தையும் தடுக்க உதவுகிறவருக்கும் நன்றாக நடப்பவருக்கும் என்ன கிடைக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

எங்கள் மதிப்பீட்டில் முதலிடம் சிஎஸ்:கோ (கவுண்டர்-ஸ்ட்ரைக்: குளோபல் அஃபென்சிவ்) என்ற சுடும் கேமில் 2013இல் வந்த ஓவர்வாட்ச் முறைக்கு. ரிப்போர்ட் ஆனவர் ஆடிய 8 ரவுண்டு ரீப்ளே அனுபவமுள்ள ஆட்டக்காரரிடம் வந்தது. ஆடியவர் பெயர் தெரியாமல் இருந்தது. எய்ம் ஹேக்கா (குறியைத் தானே பிடிக்கும் கள்ள மென்பொருளா), சுவருக்கு அப்பால் பார்க்கிறாரா, சொந்த டீமையே கெடுக்கிறாரா என்று தனித்தனியாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. பிற்பாடு, சரியாகத் தீர்ப்புச் சொன்னவர்களுக்கு எக்ஸ்பியும் (கேமில் நிலை ஏற உதவும் புள்ளி) கொடுத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினால் பலன் இல்லை என்பதே இதன் பலம். பெரிய ஓட்டை ஒன்று இருந்தது: ரீப்ளேயில் சாட்டும் குரலும் வரவில்லை. வாயால் திட்டுவதைத் தடுக்க இது உதவவில்லை.

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் கேம் 2011இல் தொடங்கிய ட்ரிப்யூனலில் (ஆட்டக்காரர்களே தீர்ப்புச் சொல்லும் மன்றம்) சாட் பதிவைப் படித்தே தீர்ப்புச் சொன்னார்கள். ஆரம்பத்தில் பெரும்பான்மையோடு ஒத்துப்போன வாக்குக்கு ஐ.பி. என்ற கேம் காசு கிடைத்தது. அங்கேதான் சறுக்கல்: படிக்காமலே ‘தண்டி’ என்று அமுக்கினாலும் பெரும்பாலும் காசு வந்துவிடும். ஐ.பி.யை நிறுத்தினார்கள், 2014இல் ட்ரிப்யூனலே போய்விட்டது. நல்ல சக ஆட்டக்காரருக்கு வாக்குப் போடும் ஹானர் முறை 2012இல் வந்து, 2017இல் புதுப்பிக்கப்பட்டது. அப்போது எல்லோருக்கும் 2ஆம் நிலையில் தொடக்கம், உச்சம் 5. மெதுவாக ஏறுவது நல்லதுதான். ஆனால் ஆட்டம் முடிந்ததும் வரும் வாக்கு, அதிகம் கொன்றவருக்கே போய்விடுகிறது. பொறுமையாகப் பேசி டீமைக் கட்டிக் காத்த சப்போர்ட் ஆட்டக்காரரை யாரும் நினைப்பதில்லை, அதுதான் வருத்தம்.

பிளிஸார்டின் ஓவர்வாட்ச் கேம் (பெயர் ஒன்று, விஷயம் வேறு) 2018இல் இதைச் சரியாகப் பிடித்தது: பாராட்டு மூன்று வகை, புதிதாகக் கிடைக்காவிட்டால் நிலை இறங்கும். இரண்டாம் பாகத்தில் மூன்றையும் ஒன்றாக்கியது பின்னடைவு.

எந்தத் தானியங்கி வடிகட்டியையும் நம்பி நம் ஊர் வசவை விடாதீர்கள். ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது ழ-வுக்கு ஒருவர் இசட்-ஹெச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். வாலரண்ட் கேமில் நாமே தடைச்சொல் சேர்க்கலாம். ஒவ்வொரு சொல்லையும் எல்லா எழுத்துக்கூட்டலிலும் சேருங்கள்.

கேமிங் சென்டரில் போட்டி நடத்துகிறவர்கள், நன்றாக நடந்தவரைத் தேர்ந்தெடுக்க ஆளுக்கு ஒரு வாக்கு கொடுத்து, அதை எதிர் டீமுக்கு மட்டும் போடச் சொல்லலாம். பரிசை அன்றே கொடுக்காமல் மாதக் கடைசியில் கொடுத்தால் நண்பர்கள் பேசிவைத்து மாற்றிக்கொள்வது குறையும்.