போட்டில் இரண்டாவது பேட்டரி இருக்கிறதா? இந்த ரிலேயைப் போடலாம்

ஒயர்லெஸ், ஜிபிஎஸ், ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர் மூன்றுக்கும் தனி பேட்டரி வைத்திருக்கிறவர்கள் ஒருமுறை மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், அது உண்மையிலேயே சார்ஜ் ஆகிறதா என்று. தேங்காப்பட்டணத்தில் கிடக்கும் எங்கள் போட்டில் ஆகவில்லை. வாங்கும்போதே அதில் இருந்தது டயோடு ஐசொலேட்டர், கரண்டை ஒரு பக்கம் மட்டும் விட்டு இரண்டு பேட்டரியையும் பிரித்து வைக்கும் கருவி. என்ஜினோடு சுற்றி கரண்ட் தரும் அல்டர்னேட்டர் 14.2 வோல்ட் கொடுத்தாலும் டயோடைத் தாண்டும்போது 0.7 வோல்ட் போய்விடும், மிச்சம் 13.5. நிரம்பிய பேட்டரியை அப்படியே வைத்திருக்க அது போதும், இறங்கின பேட்டரியை கரை வருவதற்குள் நிரப்பப் போதாது. எப்போதும் அரைகுறையாகவே கிடந்தால் தட்டில் சல்பேட் படிந்து பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும். அந்த நிலையில் ஒயர்லெஸ் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும், பேச பட்டனை அமுக்கினால்தான் செட் அணையும், ஏனென்றால் 25 வாட்டில் பேசும்போது 5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்.

இப்போது போட்டிருப்பது வோல்டேஜ் பார்த்து வேலை செய்யும் ரிலே, அதாவது தானாகச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச். என்ஜின் ஓடி, அதை ஸ்டார்ட் பண்ணும் மெயின் பேட்டரி 13.3 வோல்ட் தொட்டதும் டக்கென்று இரண்டு பேட்டரியையும் சேர்க்கிறது, 12.8-க்கு இறங்கினால் பிரித்துவிடுகிறது. நடுவில் டயோடு இல்லாததால் அல்டர்னேட்டர் கொடுப்பது கிட்டத்தட்ட முழுசாகப் போய்ச் சேர்கிறது. ஸ்டார்ட் பண்ணும்போது மெயின் 10 வோல்டுக்கு விழுந்தாலும் ஜிபிஎஸ் திரை இமைக்கவில்லை. எனக்கு இது போதும். இழுப்பைக் கட்டுப்படுத்தி ஒரு பேட்டரியிலிருந்து இன்னொன்றை சார்ஜ் பண்ணும் டிசி டு டிசி சார்ஜர் விலையில் பாதிகூட வராது.

ஆனால் லித்தியம் பேட்டரிக்கு இதைப் போடாதீர்கள். லித்தியம் சும்மா இருக்கும்போதே 13.3 பக்கம் நிற்கும், ரிலே பிரியவே பிரியாது, அது போக இறங்கின லித்தியம் இழுக்கிற இழுப்பில் அல்டர்னேட்டர் சூடாகி எரியலாம். அதற்கு டிசி டு டிசி சார்ஜர்தான் சரி.

மாட்டிக்கொடுத்த பையன் "பியூஸ் ரெண்டு பக்கமும் வேணும் அண்ணே" என்று பிடிவாதமாக நின்றான், அவன் சொன்னது நியாயம். ஒயரின் இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறதே, நடுவில் எங்கே உரசி ஷார்ட் ஆனாலும் இரண்டு பக்கமிருந்தும் கரண்ட் பாயும். ஒயர் ஈயம் பூசினதாக இருக்கட்டும், வெறும் செம்பு உப்புக்காற்றில் பச்சை பூத்து உள்ளுக்குள்ளேயே தின்றுபோகும். டெர்மினலில் வாசலின் தடவுங்கள்.

ரிலேயால் ஆகாத ஒன்று மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நம் மேற்குக் கடற்கரையில் என்ஜினே ஓடாது, கிழக்குக் கரையில் இருக்கும் சின்னமுட்டம் பக்கம் அதே கதை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அத்தனை நாள் சும்மா கிடந்தால் பேட்டரி தானாகவே இறங்கும், அதனால் வீல்ஹவுஸ் மேல் சின்னதாக ஒரு சோலார் பேனலும் கன்ட்ரோலரும் போட்டு இரண்டாவது பேட்டரிக்குக் கொடுத்திருக்கிறேன். ஒக்கி புயலுக்கு அப்புறம் நம் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, என்ஜின் நின்றாலும் ஒயர்லெஸ் பேசியாக வேண்டும்.

கடையில் கேட்கும்போது இரண்டு பக்கமும் வோல்டேஜ் பார்க்கிற ரிலே என்று சொல்லிக் கேளுங்கள். அதுதான் பேனல் வெயிலில் இரண்டாவது பேட்டரியை 13.3-க்கு ஏற்றியதும் மெயினையும் சேர்த்து சார்ஜ் பண்ணும், ஒரு பக்கம் மட்டும் பார்ப்பது பண்ணாது.