மாதந்தோறும் திரும்பி வந்த காய்ச்சலும் விடை தேடிய மருத்துவமனையும்: ஒரு தாயின் மதிப்பீடு

இரண்டு வயதைக் கடந்த எங்கள் மகளுக்கு மாதம் தவறாமல் வந்துபோன காய்ச்சலுக்குக் காரணம் அறிய, மதுரையிலுள்ள தனியார் மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் நலப் பிரிவை நாடினோம். ஏறத்தாழ ஓராண்டாக அந்தப் பிரிவின் சேவையைப் பெற்று வருகிறோம். அதில் மனநிறைவும் உண்டு, மனக்குறையும் உண்டு; இரண்டையும் திறந்து எழுத வேண்டியிருப்பதால் மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிடவில்லை. இத்தகைய காய்ச்சலுக்கு எப்படிப்பட்ட விசாரணையை எதிர்பார்க்கலாம், எவற்றைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

காய்ச்சலின் போக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். சளியோ இருமலோ இல்லாமல் திடீரென்று 103, 104 டிகிரி ஃபாரன்ஹீட் வரை ஏறும். நான்கைந்து நாள் அப்படியே நின்று, எப்படி வந்ததோ அப்படியே சட்டென்று விட்டுவிடும். அதன்பின் மூன்று நான்கு வாரங்கள் குழந்தை நன்றாகச் சாப்பிடும், விளையாடும், தூங்கும். பிறகு மறுபடியும் அதே காய்ச்சல். எங்கள் ஊர் கிளினிக்குகளில் ஒவ்வொரு முறையும் தொண்டை சிவந்திருப்பதைப் பார்த்து ஆன்டிபயாடிக் சிரப் எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் தொடங்கிய மருந்து ஐந்தாம் நாள் வேலை செய்துவிட்டதாகவே எல்லோருக்கும் தோன்றியது. தானாக ஐந்தாம் நாள் இறங்கக்கூடிய காய்ச்சலுக்கு எந்த மருந்தைக் கொடுத்தாலும் அந்த மருந்துக்குத்தான் பெயர் கிடைக்கும். இந்த மயக்கம் கலையாதவரை காரணத்தைத் தேடும் எண்ணமே யாருக்கும் எழுவதில்லை. வீட்டுப் பெரியவர்கள் பல் முளைக்கிற காய்ச்சல் என்றார்கள், கண் பட்டிருக்கும் என்று சுற்றிப் போட்டார்கள். அவர்களுடைய கவலையும் எங்களுடையதைப் போன்றதுதான்.

மதுரை மருத்துவமனையில் முதல் சந்திப்பிலேயே எனக்கு நம்பிக்கை வந்ததற்குக் காரணம், மருத்துவர் ஊசியையும் மருந்துச்சீட்டையும் எடுப்பதற்கு முன் நெடுநேரம் கேள்வி கேட்டதுதான். காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது, எத்தனை நாள் நின்றது, வாயில் புண் வந்ததா, கழுத்தில் நெறி கட்டியதா, வயிற்றுவலியோ மூட்டுவலியோ உடம்பில் தடிப்போ இருந்ததா, தடுப்பூசி போட்ட பிறகு காய்ச்சல் கடுமையாக வந்ததுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா, மாடு வளர்க்கிறோமா, காய்ச்சாத பால் கொடுத்தோமா, வீட்டைச் சுற்றிப் புதரோ எலித் தொல்லையோ உண்டா என்றும் கேட்டார். எங்களுடையது சொந்தத்தில் நடந்த திருமணமா என்பதையும் விசாரித்தார். குற்றம் சுமத்தும் தொனி அதில் துளியும் இல்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே மரபணுப் பிழை வந்து சேர்ந்தால் உண்டாகும் காய்ச்சல் நோய்கள் சில இருப்பதால்தான் கேட்கிறேன் என்று விளக்கமும் சொன்னார். எங்கள் பக்கத்தில் அத்தை மகன், மாமன் மகள் திருமணங்கள் சகஜம் என்பதால், இந்தக் கேள்வியை மருத்துவர்கள் கேட்கும் விதம் மிகவும் முக்கியம்.

அடுத்து, குழந்தையின் உடைகளைக் களைந்து அக்குள், இடுப்பு மடிப்பு, காதுக்குப் பின்புறம் எல்லாவற்றையும் பார்த்தார். ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் நோயைப் பரப்பும் சிறு பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோன்ற கறுத்த பொருக்கு இருக்கும் என்றும், அது மடிப்புகளில் ஒளிந்திருப்பதால் தேடினால்தான் தெரியும் என்றும் சொன்னார். தமிழ்நாட்டில் அந்த நோய் நன்றாகவே உண்டு. உரிய மருந்து கொடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும், தவறவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்கு முன்பு நாங்கள் போன இடங்களில் சட்டையைத் தூக்கி நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்ததோடு பரிசோதனை முடிந்துவிட்டது. எடையையும் உயரத்தையும் வளர்ச்சி அட்டவணையில் குறித்துப் பார்த்து, குழந்தை சீராக வளர்ந்துவருவது பெரிய ஆறுதல் என்றார். எடை குறைந்துகொண்டே வந்தால் தேட வேண்டிய நோய்களின் வரிசையே வேறு.

விடாமல் அடிக்கும் காய்ச்சலையும் விட்டுவிட்டு வரும் காய்ச்சலையும் அவர் பிரித்துப் பார்த்த விதம் எனக்குப் புதிது. 101 டிகிரிக்கு மேல் மூன்று வாரங்களுக்கு மேலாக நீடித்து, ஒரு வாரம் மருத்துவமனையில் வைத்துச் சோதித்தும் விளங்காததையே 'காரணம் தெரியாத காய்ச்சல்' என்று 1961-ல் பீட்டர்ஸ்டார்ஃப், பீசன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் வரையறுத்தார்கள். அந்த வரையறை பின்னாளில் பலவாறு தளர்த்தப்பட்டது. எங்கள் மகளுடையது அந்த வகையில் சேராது. இடையில் முழு நலத்துடன் இருந்து ஒழுங்கான இடைவெளியில் திரும்பும் காய்ச்சலுக்கு விசாரணையின் பாதையே வேறு. அந்தப் பாதையின் முதல் கருவியாக மருத்துவர் தந்தது ஒரு நாட்குறிப்புத் தாள். தேதி, நேரம், வெப்பநிலை, அறிகுறி, கொடுத்த மருந்து ஆகிய எல்லாவற்றையும் அதில் எழுதச் சொன்னார்.

பரிசோதனைகளைப் படிப்படியாகச் செய்ததை இந்தச் சேவையின் ஆகச்சிறந்த பகுதியாகக் கருதுகிறேன். ஒரே நாளில் இருபது சோதனைகளை எழுதிக் கொடுக்கவில்லை. ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் சி.ஆர்.பி. என்னும் அழற்சி அளவும் காய்ச்சலின்போது ஒரு முறையும் நலமாக இருக்கும்போது ஒரு முறையும் பார்க்கப்பட்டன; முதலில் வெகுவாக உயர்ந்திருந்த அளவு, இடைப்பட்ட நாளில் முற்றிலும் இயல்பாக இருந்தது. சிறுநீரைப் பிளாஸ்டிக் பை ஒட்டிப் பிடித்தால் தோலிலுள்ள கிருமிகளும் கலந்து தவறான முடிவு வரும் என்பதால், செவிலியர் மெல்லிய குழாய் வழியாக எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினார். அந்தச் சில நிமிடங்கள் எங்களுக்குக் கடினமாகத்தான் இருந்தன. ஆனால் பையில் பிடித்த சிறுநீரை வைத்துக் கொடுக்கப்படும் தேவையற்ற ஆன்டிபயாடிக்குகளை எண்ணும்போது அது சரியான முடிவே. காசநோய்க்கான மேன்டூ சோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். நம் ஊர்களில் காய்ச்சல் என்றாலே எழுதப்படும் வைடல் சோதனையை அவர்கள் எழுதவில்லை. அது டைபாய்டு இல்லாதபோதும் இருப்பதாகக் காட்டக்கூடும், ரத்தக் கல்ச்சரே நம்பத்தக்கது என்று காரணமும் சொன்னார்கள்.

நியூட்ரோபில் என்னும் வெள்ளை அணுக்கள் ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை வெகுவாகக் குறைந்து, காய்ச்சலும் வாய்ப்புண்ணும் வரவழைக்கும் அரிய நோய் ஒன்று உண்டு. அதை விலக்குவதற்கு வாரம் இரு முறை வீதம் ஆறு வாரங்கள் ரத்த எண்ணிக்கை பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மதுரைக்கு வர வேண்டாம், உங்கள் ஊர் லேப்பிலேயே எடுத்து முடிவை அனுப்புங்கள் என்று அவர்கள் சொன்னது பேருதவியாக இருந்தது. கூலி வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இந்த ஒரு சலுகைதான் சிகிச்சையைத் தொடர்வதா கைவிடுவதா என்பதையே தீர்மானிக்கும். மருத்துவமனையில் ரத்தம் எடுத்தபோது, கையை மரத்துப்போகச் செய்யும் களிம்பை முன்கூட்டியே தடவிக் காத்திருந்து, குழந்தையை என் மடியில் வைத்தே எடுத்தார்கள். அந்தச் செவிலியர்களின் பொறுமையை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

"காய்ச்சல் இறங்கினதும் வர வேண்டாம்மா, அடுத்த தடவை அடிக்கும்போதே பாப்பாவைத் தூக்கிட்டு வாங்க" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். காய்ச்சலோடு வரும் குழந்தைகளுக்கு முன்பதிவு தேவையில்லை என்ற ஏற்பாடு அங்கே இருக்கிறது. அப்படிப் போன அன்று டான்சிலில் வெண்படலம், உதட்டின் உட்புறம் சிறு புண்கள், கழுத்தில் நெறி ஆகிய மூன்றையும் அவர் கண்ணாலேயே பார்த்தார். தொண்டையிலிருந்து எடுத்த கல்ச்சரில் பாக்டீரியா எதுவும் வளரவில்லை. அதன் பிறகுதான் நோயின் பெயரைச் சொன்னார். ஆங்கிலத்தில் அதை பி.எஃப்.ஏ.பி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கிறார்கள்: முறை வைத்து வரும் காய்ச்சல், வாய்ப்புண், தொண்டை அழற்சி, கழுத்து நெறி ஆகியவை சேர்ந்த நிலை. 1987-ல் மார்ஷல் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதை முதன்முதலில் விவரித்தார்கள். பொதுவாக ஐந்து வயதுக்குள் தொடங்கும், ஒட்டுவாரொட்டி அல்ல, குழந்தையின் வளர்ச்சியைக் கெடுப்பதில்லை, பெரும்பாலான குழந்தைகளுக்கு வயது ஏற ஏறத் தானே நின்றுவிடும். இதற்கென்று தனிச் சோதனை கிடையாது, மற்றவற்றை விலக்கித்தான் இந்த முடிவுக்கு வர முடியும் என்பதால்தான் இத்தனை மாதங்கள் ஆயின என்று விளக்கினார்.

சிகிச்சை குறித்த பேச்சிலும் அவசரம் இல்லை. காய்ச்சல் தொடங்கும்போது ஒரே ஒரு வேளை ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் சில மணி நேரத்திலேயே இறங்கிவிடும், ஆனால் அடுத்த காய்ச்சல் இன்னும் சீக்கிரம் வரக்கூடும் என்றார். அடிக்கடி வந்து வாட்டினால் டான்சிலை அகற்றும் அறுவைச் சிகிச்சையும் பலருக்குப் பலன் தந்திருக்கிறது. ஒன்றும் செய்யாமல், பாரசிட்டமால் கொடுத்துப் பார்த்துக்கொள்வதும் ஏற்கத்தக்க வழியே. மூன்றில் எது வேண்டும் என்பதை எங்களிடமே விட்டு, யோசிக்க நேரமும் தந்தார். நோய் இன்னதென்று உறுதியாகாதபோது ஸ்டீராய்டு கொடுப்பது ரத்தப் புற்றுநோய் போன்றவற்றின் அறிகுறியை மறைத்துவிடும். ஆகவே அக்கம்பக்கத்தில் யாராவது சொன்னார்கள் என்று அதை வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம் என்று எச்சரித்ததையும் இங்கே பதிவு செய்கிறேன்.

குறைகளும் உண்டு. காலைப் பதிவு நேரத்துக்கும் மருத்துவரைப் பார்க்கும் நேரத்துக்கும் இடையே பாதிப் பகல் போய்விடுகிறது. காய்ச்சலில் துவண்ட குழந்தைகளும் தடுப்பூசிக்கு வந்த கைக்குழந்தைகளும் ஒரே கூடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. தொலைபேசி எண் என்று ஒன்று தருகிறார்களே தவிர, மாலை ஆறு மணிக்கு மேல் யாரும் எடுப்பதில்லை. காய்ச்சல் பெரும்பாலும் இரவில்தான் ஏறுகிறது என்பது குழந்தைகள் பிரிவுக்குத் தெரியாததல்ல. மரபணுச் சோதனை செய்யலாமா என்ற பேச்சு எழுந்தபோது, அதன் செலவு எவ்வளவு, முடிவு வர எத்தனை வாரம் ஆகும், வந்தால் சிகிச்சை மாறுமா என்பதையெல்லாம் நாங்கள்தான் துருவிக் கேட்க வேண்டியிருந்தது.

இவற்றைவிடக் கவலை தந்தது மருந்தகம். பாரசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என இரு வலிமைகளில் விற்கப்படுகிறது. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் ஒரு வேளைக்கு 180 மில்லிகிராம் தேவை. முதல் வகையில் அது 7.2 மில்லி, இரண்டாம் வகையில் 3.6 மில்லி. மருத்துவர் ஒரு வகையை மனத்தில் வைத்து மில்லி அளவை எழுத, மருந்தகத்தில் இருப்பிலிருந்த மற்றதை ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் கொடுத்தார்கள். சீட்டில் மில்லிகிராம் அளவும் இருந்ததால் கணக்கிட்டுப் பார்த்து மாற்றிக்கொள்ள முடிந்தது. நிர்வாகத்திடம் எழுத்துமூலம் தெரிவித்தபின், இப்போது பாட்டிலின் மேல் வலிமையையும் வேளைக்குரிய அளவையும் தனிச்சீட்டாக ஒட்டித் தருகிறார்கள். சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டு மாற்றிக்கொண்டதற்கு நன்றி.

முன்பதிவு செய்து நிதானமாகப் போகும் இந்த வகைப் பிரிவு எல்லாக் காய்ச்சலுக்கும் உரியதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி தொட்டாலே அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். ஐந்து நாளாகக் காய்ச்சல் இறங்காமல், பீளை இல்லாமலே கண் சிவந்து, உதடு வெடித்து, நாக்கு சிவந்து, கை கால் வீங்கித் தடிப்பும் தோன்றினால் அது கவாசாகி நோயாக இருக்கலாம். ஜப்பானிய மருத்துவர் டோமிசாகு கவாசாகி 1967-ல் விவரித்த இந்த நோய் இதயத்தின் ரத்தக் குழாய்களைப் பாதிக்கக்கூடியது. காய்ச்சல் தொடங்கிய பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்னும் நோயெதிர்ப்புப் புரத மருந்தை ரத்த நாளத்தில் ஏற்றினால் அந்த ஆபத்து பெரிதும் குறைகிறது. உடல் வெளுத்துப்போவது, அடிபடாமலே கன்றிப்போவது, காலைத் தாங்கி நடப்பது, எடை குறைவது, வலிப்பு, விழிக்க முடியாத சோர்வு ஆகியவற்றுக்கும் காத்திருப்பு கூடாது. மறுபுறம், அங்கன்வாடிக்கோ விளையாட்டுப் பள்ளிக்கோ போகும் குழந்தைக்கு ஆண்டில் ஆறு முதல் எட்டு முறை சளிக்காய்ச்சல் வருவது இயல்பே. இடைவெளி ஒழுங்கற்றும் சளி இருமலோடும் வருகிற அதற்காக மதுரை வரை போய்ச் செலவழிக்கத் தேவையில்லை.

போகிறவர்கள் தடுப்பூசி அட்டை, பழைய ரத்த முடிவுகள், இதுவரை கொடுத்த மருந்துகளின் சீட்டுகள் ஆகியவற்றைத் தேதிவாரியாக அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். காய்ச்சலின்போது வாய்ப்புண்ணையும் தடிப்பையும் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தால் அதுவும் உதவும். நிர்வாகத்துக்கு என்னிடம் இன்னுமொரு வேண்டுகோள் உண்டு. நோயைக் கண்டறியப் பெரிதும் உதவிய அந்த நாட்குறிப்புத் தாள் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. நாங்கள் வேலைக்குப் போன பிறகு பகலெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் அவளுடைய அப்பத்தா. வெப்பமானியைப் பார்த்து எண்ணைச் சரியாகக் குறிக்கத் தெரிந்த அவருக்கு, எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதை நான் பேனாவால் ஒவ்வொரு தாளிலும் தமிழில் எழுதித் தர வேண்டியிருக்கிறது. அதைத் தமிழிலேயே அச்சிட்டுக் கொடுங்கள்.