மென்பொருள் ஆவணம் எழுத எது சரி: மார்க்டவுனா, ஸ்ஃபிங்க்ஸா, ஆஸ்கிடாக்கா?

புதுசாக ஒரு மென்பொருளுக்கு ஆவணம் எழுத உட்கார்ந்தால் பெரும்பாலோர் யோசிக்காமலே மார்க்டவுனைத்தான் (வெறும் உரையில் சில குறிகளைப் போட்டு எழுதும் முறை) எடுக்கிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் எழுத எது சுலபம் என்று பார்ப்பதற்கு முன்னால், நாம் தப்பு செய்தால் எது நம்மிடம் சொல்லும் என்று பார்க்க வேண்டும் என்பேன். நான் முன்பு இருந்த ஒரு குழுவில் ஒரு ஃபோல்டரின் பெயரை மாற்றினோம், அதற்குள் போகும் லிங்குகள் அத்தனையும் அறுந்துபோயின. பல மாதம் கழித்து, புதிதாகச் சேர்ந்த ஒருவர் நிறுவும் முறை எங்கே இருக்கிறது என்று கேட்டபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

மார்க்டவுனை 2004இல் ஜான் க்ரூபர் வெளியிட்டார். குறிகளோடு அப்படியே படித்தாலும் புரிய வேண்டும் என்பது அதன் நோக்கம், அது உண்மையிலேயே நிறைவேறியிருக்கிறது. டெர்மினலில் ஃபைலைத் திறந்தாலே போதும், தனியாக ஒரு வியூவர் தேவையில்லை. சிக்கல் என்னவென்றால், மார்க்டவுனில் பிழை என்றே ஒன்று கிடையாது. எதை எழுதினாலும் ஏதோ ஒன்றாகக் காட்டிவிடும். அதோடு, ஆளுக்கொரு வழக்கு. பட்டியலுக்குள் பட்டியல் போட இரண்டு இடைவெளி விட்டு எழுதினால் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் அழகாக உள்ளே தள்ளி நிற்கும். அதே ஃபைலை, மார்க்டவுனை இணையதளமாக்கும் எம்கேடாக்ஸில் போட்டால் எல்லாம் ஒரே வரிசையாகிவிடும், ஏனென்றால் அதன் அடியில் இருக்கும் பைத்தான்-மார்க்டவுனுக்கு நான்கு இடைவெளி வேண்டும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 2014இல் காமன்மார்க் என்ற பொது விதித்தொகுப்பு வந்தது, ஆனாலும் எல்லாரும் அதற்கு மாறவில்லை. எம்கேடாக்ஸை ஸ்ட்ரிக்ட் முறையில் ஓட்டினால் அறுந்த லிங்குகளைப் பிடித்துக் கொடுக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தயவுசெய்து அதைப் போட்டுவிடுங்கள்.

ரீஸ்ட்ரக்சர்ட் டெக்ஸ்ட் என்ற எழுதும் முறை, அதை இணையப் பக்கங்களாகவும் பிடிஎஃப்பாகவும் ஆக்கும் ஸ்ஃபிங்க்ஸ் கருவி, இந்த ஜோடி வேறு குணம். பைத்தானின் ஆவணங்கள் முதலில் லாடெக் என்ற அச்சுக்கோப்பு மொழியில் இருந்தன. அவற்றை மாற்றுவதற்காக கேயார்க் பிராண்டில் எழுதிய கருவி 2008இல் ஸ்ஃபிங்க்ஸாக வெளிவந்தது. லினக்ஸ் கெர்னலின் ஆவணங்களும் 2016இல் டாக்புக் என்ற ஆவண வடிவத்தை விட்டு இதற்கு மாறத் தொடங்கின. ஒரு தலைப்புக்குப் பெயர் வைத்துவிட்டால் ஃபைல் எங்கே நகர்ந்தாலும் லிங்க் அறுவதில்லை. அந்தப் பெயரே இல்லாமல் போனால் எச்சரிக்கை வரும், எச்சரிக்கைகளைப் பிழையாக எடுத்துக்கொள் என்று சொல்லிவைத்தால் பில்டே (ஆவணத்தை உருவாக்கும் ஓட்டம்) நின்றுவிடும். நிரல் மாதிரிகளை ஓடும் ஃபைலிலிருந்தே இழுத்துப் போடலாம். ஆவணம் ஒரு பக்கம் நிரல் ஒரு பக்கம் என்று பிரிந்து போவதற்கு இதைவிட நல்ல மருந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் இரண்டு இடறல்கள் உண்டு. தலைப்புக்குக் கீழே சமக்குறிகளால் கோடு போட வேண்டும், அந்தக் கோடு தலைப்பைவிடக் குட்டையாக இருக்கக் கூடாது. ‘நிறுவுதல்’ என்று தலைப்பு வைத்தால் நம் கண்ணுக்கு அது 5 எழுத்து, கருவியின் கணக்கிலோ 8. புள்ளியை மட்டும் கழித்துவிட்டு, இகர உகரக் குறிகளைத் தனித்தனி எழுத்தாக எண்ணுகிறது. எண்ணிக்கொண்டிருக்காமல் எப்போதும் 40 சமக்குறி போட்டுவிடுங்கள், நீளமாக இருந்தால் அது கேட்காது. இரண்டாவது, வேற்றுமை உருபு. ‘கோப்புகளை’ என்பதில் ‘கோப்பு’ என்ற முதல் பாதியை மட்டும் தடித்த எழுத்தாக்கினால் ரீஸ்ட்ரக்சர்ட் டெக்ஸ்ட் ஒத்துக்கொள்ளாது, மூடும் குறிக்குப் பிறகு இடைவெளியோ நிறுத்தக்குறியோ கட்டாயம், இல்லையென்றால் நடுவில் பின்சாய்வு (\) போட்டுச் சமாளிக்க வேண்டும். சொல்லோடு உருபு ஒட்டியே வரும் மொழிக்கு இது தினப்படித் தொல்லை. காமன்மார்க் இதை அப்படியே ஏற்கும், ஆனால் ‘கோப்பு (பழையது)களை’ என்பதுபோல் தடித்த பகுதி அடைப்புக்குறியில் முடிந்தால் அதுவும் தடுமாறி, தடிப்புக்காகப் போட்ட உடுக்குறிகளை (*) அப்படியே காட்டும்.

மூன்றாவது எழுதும் முறையான ஆஸ்கிடாக் இந்த விஷயத்தில் தெளிவு: தனிச் சொல்லுக்கு ஒற்றை உடுக்குறி, சொல்லின் நடுவில் என்றால் இரட்டை. 2002இல் ஸ்டூவர்ட் ராக்ஹம் உருவாக்கியது, நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியின் கையேட்டுப் பக்கங்கள் இன்றும் இதில்தான் எழுதப்படுகின்றன. அட்டவணை, குறிப்புப் பெட்டி, ஒரு ஃபைலுக்குள் இன்னொன்றைச் சேர்ப்பது எல்லாம் மொழியிலேயே இருக்கின்றன. எழுதிப் பார்த்தால் மூன்றிலும் இதுதான் கைக்கு இதம். காட்டும் இடத்தில்தான் இடிக்கிறது. பாதுகாப்புக்காக கிட்ஹப் மற்ற ஃபைல்களைச் சேர்த்துக் காட்டாது, வெறும் லிங்காகக் காட்டும். ஆஸ்கிடாக்கை மற்ற வடிவங்களுக்கு மாற்றும் கருவி ஆஸ்கிடாக்டர்; அதில் பிடிஎஃப் எடுக்கும் ஆஸ்கிடாக்டர் பிடிஎஃப், தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் வேலையைச் செய்வதில்லை. ‘கொ’ போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் தங்கள் இடத்தில் விழாது. எச்டிஎம்எல் ஆக்கி பிரவுசரிலிருந்து அச்செடுப்பதுதான் வழி. ஸ்ஃபிங்க்ஸில் லாடெக் எஞ்சினை ஸீலாடெக் என்று மாற்றி, தமிழ் எழுத்துரு ஒன்றையும் குறிப்பிட்டால் பிடிஎஃப் சுத்தமாக வருகிறது.

சரி, நான் எதை எடுப்பேன்? ஒரே பக்க அறிமுகம் என்றால் மார்க்டவுன், அதற்கு மேல் ஒரு யோசனையும் வேண்டாம். பக்கங்கள் பத்து இருபது என்று பெருகி, பதிப்புக்குப் பதிப்பு ஆவணம் மாறும் என்றால் ஸ்ஃபிங்க்ஸ். குழுவில் யாரும் ரீஸ்ட்ரக்சர்ட் டெக்ஸ்ட் கற்றுக்கொள்ள மாட்டார்கள் என்றால் மிஸ்ட் என்ற நீட்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், மார்க்டவுனிலேயே எழுதிக்கொண்டு ஸ்ஃபிங்க்ஸின் சோதனைகளையும் பெறலாம். தமிழ் ஆவணத்துக்கு நான் கை காட்டுவது இந்தச் சேர்க்கையைத்தான்.

அப்புறம், நீங்கள் எழுதுவது டெர்மினலில் ஓடும் கருவி என்றால் மேன் பக்கம் (டெர்மினலிலேயே படிக்கும் கையேட்டுப் பக்கம்) ஒன்று அவசியம். சர்வரில் வேலை பார்க்கிறவர் பிரவுசரைத் திறக்க மாட்டார். அதற்காக, மேன் பக்கங்கள் எழுதப்படும் ட்ராஃப் மொழியைக் கற்க வேண்டியதில்லை. பேண்டாக் என்ற வடிவ மாற்றுக் கருவி மார்க்டவுனிலிருந்தே மேன் பக்கம் செய்து கொடுக்கும், ஸ்ஃபிங்க்ஸிலும் ஆஸ்கிடாக்டரிலும் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது.