டிஸ்ட்ரிபியூட்டரா, நாலு காயிலா? ஒரு டர்போ சிட்டி சொன்ன பதில்

இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்குவதற்கு முன்னால் என் காரில் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி முறையை மாற்றினேன். முன்பு இருந்தது ஒரே காயில் (பொறிக்கான உயர் வோல்ட்டை உண்டாக்குவது), அதைத் தூண்டும் சிடிஐ பெட்டி, பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர். சிடிஐ பெட்டியைக் கழற்றிவிட்டு, சிலிண்டருக்கு ஒரு காயில் என்ற முறைக்கு வந்தேன். கார் பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக். டர்போ ஏற்றியது, 402 மீட்டர் ஓட்டத்துக்கு மட்டும். ஊர் கொழிஞ்சாம்பாறை. வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டினால் தமிழ்நாடு, ஆனால் வண்டி அந்தத் தூரம்கூட ரோட்டில் உருண்டு போவதில்லை. லாரியில் ஏற்றித்தான் போகும். வண்டியை இஷ்டத்துக்கு மாற்றியமைப்பதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கேரளத்தில் வெறும் ஏட்டோடு நிற்பதில்லை என்று இங்கே வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு முறையையும் ஒரே இன்ஜினில் ஓட்டிப் பார்த்தாயிற்று. நான் காயில் கட்சி. அப்படித் தெரிந்துகொண்டே படியுங்கள்.

முதலில் கணக்கு. நாலு சிலிண்டர் இன்ஜின் 7500 ஆர்பிஎம்மில் சுற்றும்போது நொடிக்கு 250 பொறி வேண்டும். ஒரே காயில் என்றால் ஒரு பொறிக்கும் அடுத்ததற்கும் நடுவே 4 மில்லி செகண்ட்தான். சாதாரணக் காயில் நிரம்பவே கிட்டத்தட்ட 3 மில்லி செகண்ட் கேட்கும். பொறி எரிய வேறு நேரம் வேண்டும். அதனால் மேல் ஆர்பிஎம்மில் அரைவயிற்றோடு வேலை செய்யும். சிடிஐ இதற்கு ஒரு வழி கண்டது. மின்சாரத்தைக் கெப்பாசிட்டரில் சில நூறு வோல்ட்டுக்கு ஏற்றி வைத்துக் காயிலுக்குள் ஒரே தள்ளாகத் தள்ளிவிடும். நிரம்ப நேரமும் அதிகம் வேண்டாம். நாலு காயில் முறையோ வேலையையே பங்கு போட்டுவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் 16 மில்லி செகண்ட் கிடைக்கும், நிதானமாக நிரம்பிக்கொள்ளலாம். சிடிஐ பொறி பலமானது, ஆனால் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். காயில் பொறி அவ்வளவு முரட்டுத்தனமில்லை, கொஞ்சம் நின்று எரியும். எது மேல் என்று பட்டறைக்குப் பட்டறை சண்டை நடக்கிறது. என் காரில் நேரச்சீட்டைப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

பவர் இரண்டிலும் ஒன்றுதான் என்றால் பிறகு எதற்கு மாறினேன்? கெட்டுப்போனால் என்ன ஆகிறது என்பதற்காக.

சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு வண்டியை ஏற்றிக்கொண்டு போயிருந்தோம். எங்கள் ஊரிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர். முதல் ஓட்டம் சுத்தமாகப் போனது. இரண்டாவதில், மூன்றாம் கியரில் பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) முழுசாக ஏறும்போது கார் தும்மியது. காலை எடுத்தால் சரியாகும், மிதித்தால் மறுபடி தும்மல். பிளக்கை மாற்றினோம், ஒயரை மாற்றினோம், பெட்ரோல் பிரஷர் பார்த்தோம், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டரைத் துடைத்தோம். ஒன்றுக்கும் மசியவில்லை. மீதிப் பொழுது அடுத்தவர் ஓட்டத்துக்குக் கை தட்டியதோடு சரி.

திரும்பி வந்த மறுநாள் ராத்திரி மெக்கானிக் அண்ணன் ஷெட்டுக்கு வந்தார். "தம்பி, லைட்டை அணை. ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி பிடிச்சிட்டு வா" என்றார். இன்ஜினை ஓடவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடிமேல் பனி மாதிரித் தெளித்தார். இருட்டில், நடுக்கொம்பிலிருந்து மூன்றாம் சிலிண்டர் கொம்புக்கு நீலமாக ஒரு நூல் ஓடி ஓடி அணைந்தது. கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால், பென்சிலால் கீறியது போல மயிரிழையளவு ஒரு கரிக்கோடு. (இந்தச் சோதனையைச் செய்கிறவர்கள் கையைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனே ஒருமுறை ஷாக் வாங்கியிருக்கிறார்.)

நடந்தது இதுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று, ஷெட்டுத் தூசி, இரண்டும் சேர்ந்து மூடியில் படிகின்றன. மின்சாரம் அந்த ஈரத்தின் மேல் ஒருமுறை ஓடினால் பிளாஸ்டிக் கருகி ஒரு தடம் விழுகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். அப்புறம் அது நிரந்தரக் குறுக்குவழி. ஐடிலில் (மிதிக்காமல் சும்மா ஓடும்போது) தெரியாது. பூஸ்ட் ஏறி சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் மின்சாரம் சிரமப்படாமல் கரித்தடத்தில் இறங்கிவிடும்.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். இந்த ஹோண்டாவில் காயில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே இருக்கும். சிடிஐக்காக வெளிக்காயில் வைத்தால் நடுவில் கொம்பு உள்ள வேறு மூடி வேண்டும். நான் தேடியவரை கோவையில் அது இல்லை. வெளியிலிருந்து வரவழைத்து வாரக்கணக்கில் காத்திருந்தேன்.

இப்போது காயிலுக்கு வருவோம். என்னிடம் இருப்பவை பழைய கரோலா 1.8இலிருந்து கழற்றியவை. உள்ளேயே இக்னைட்டர் (காயிலை இயக்கும் சுவிட்ச்) உள்ள நாலு பின் காயில்: பேட்டரி, எர்த், ட்ரிகர், நாலாவது டொயோட்டா ஈசியூவுக்கு (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) தகவல் அனுப்பும் ஒயர். தனி ஈசியூ போட்டவர்களுக்கு அந்த நாலாவது வேண்டாம், மடித்துக் கட்டிவிடலாம். வால்வ் கவர்மேல் ஒரு அலுமினியத் தகடு, காயிலுக்கு ஒரு பத்தாம் நம்பர் போல்ட். அவ்வளவுதான் பொருத்தம்.

செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் பயிற்சிக்குப் போனபோது இதிலும் ஒரு மிஸ் வந்தது, ஒரு சிலிண்டர் எரியவில்லை. ஐடிலில் ஒவ்வொரு கனெக்டராகப் பிடுங்கினோம். இரண்டாவதைப் பிடுங்கியபோது இன்ஜின் சத்தம் மாறவே இல்லை. அந்தக் காயிலை நாலாம் சிலிண்டரில் வைத்தோம். மிஸ் கூடவே போனது. காயில்தான் போச்சு. பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்துப் போட்டு அடுத்த சுற்றுக்கு வரிசையில் நின்றோம். பத்து நிமிஷம் ஆகியிருக்குமா, தெரியவில்லை. மூடி, ரோட்டர், ஒயர், காயில் என்று சந்தேகப்பட நாலு ஆள் இருந்த இடத்தில் இப்போது ஒரே ஆள்.

காயில் முறையில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். தனி ஈசியூ இல்லாமல் இது நடக்காது, பெரிய செலவு அதுதான். காயில் பிளக் குழியில் உட்கார்ந்து ஹெட்டின் சூட்டையெல்லாம் வாங்குவதால் அதன் ரெசினில் விரிசல் விழும். குழி சீல் கசிந்தால் ஆயிலில் ஊறும். இன்ஜின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று ஈசியூவுக்குத் தெரிய, கிராங்கில் பல் சக்கரமும் வைக்க வேண்டியிருந்தது. நான் 36இல் ஒரு பல் குறைத்த சக்கரம் வைத்தேன், பல்லுக்கு 10 டிகிரி. டிஸ்ட்ரிபியூட்டர் சென்சாரையே நம்பியிருந்த காலத்தில் டைமிங் பெல்ட் ஆட்டத்தால் பொறி விழும் நேரத்தைப் பார்க்கும் ஸ்ட்ரோப் லைட்டில் குறி நடுங்கும். இப்போது ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. டர்போவில் இரண்டு டிகிரி நடுக்கம்கூட நாக்கிங்கில் (சிலிண்டருக்குள் பெட்ரோல் தறிகெட்டு வெடிப்பது) கொண்டுபோய் விடும், அதனால் இந்தச் செலவு எனக்கு வலிக்கவில்லை.

மாறி ஒரு சீசன்தான் ஆகிறது, பூஸ்ட் 1 பாருக்கு மேல் போனதும் இல்லை. 2 பார் ஓட்டுகிறவர்கள் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிளக்கில் பெரிய யோசனை இல்லை. இரிடியத்தை விட்டுவிட்டுச் சாதாரண நிக்கல் பிளக், இரண்டு படி குளிர்ச்சியானது (சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றுவது), இடைவெளி 1.1 மில்லிமீட்டரிலிருந்து 0.7. என்ஜிகேயில் எண் கூடினால் குளிர்ச்சி, பாஷில் எண் குறைந்தால் குளிர்ச்சி. இதில் குழம்பி பிஸ்டனைச் சுட்டவர்கள் உண்டு. பிஸ்டன் ஃபோர்ஜ்டு போட்டிருக்கிறேன். காலையில் இன்ஜின் சூடாகும்வரை லொடலொடவென்று சத்தம் வரும். சிலிண்டர் சுவரிலிருந்து இடைவெளி அதிகம் விட்டுத்தான் அதைப் பொருத்துவார்கள், பயப்பட வேண்டாம்.

எங்கள் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் ஒரு நண்பர் கார்புரேட்டர் எஸ்டீம் வைத்து ஓட்டுகிறார், டர்போ கிடையாது. அவர் டிஸ்ட்ரிபியூட்டரிலேயே இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். ஈசியூவே இல்லாத காருக்கு நாலு காயில் எதற்கு? என் பழைய சிடிஐ பெட்டியைக் கேட்டிருக்கிறார், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கூடவே, எஸ்டீமுக்கு ஸ்பேராக ஒரு மூடியும் இப்போதே வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.