அஞ்சு கிலோ மட்டை அரிசியைத் தாங்கிய கனெக்டர் பின்: ஏஎஃப்எம்8 கிரிம்பிங் டூல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்துக்கு வாங்கிப் போடுகிற டூல் இல்லை இது. அமெரிக்காவில் ஆர்லாண்டோவில் இருக்கிற டிஎம்சி கம்பெனியின் ஏஎஃப்எம்8, வயர் முனையில் கனெக்டர் பின்னை அழுத்திப் பதிக்கிற (கிரிம்ப்) கைக்கருவி. மிலிட்டரி எண் போட்டுத் தேடுகிறவர்களுக்கு எம்22520/2-01. புதிதாக வாங்கினால் அந்தக் காசுக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் வாங்கித் தேங்காய் ஏற்றிக்கொண்டு போகலாம். நான் வாங்கியது கைமாறி வந்தது, 14,000 ரூபாய். நாலு மாதத்தில் 400 பின்னுக்கு மேல் அடித்தாகிவிட்டது, ஒன்றுகூடக் கழன்று வரவில்லை. வாங்கலாமா வேண்டாமா என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்கிறவர்கள் இத்தோடு எழுந்து போகலாம்: வாங்கலாம். மற்றவர்கள் உட்காருங்கள், கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரி. கஞ்சிக்கோட்டில் கண்ட்ரோல் பேனல் செய்கிற ஒரு கம்பெனியில் 11 வருடம் வயரிங் டேபிளில் நின்றவள். அண்ணன் மஸ்கட்டில் 17 வருடம் டீசல் மெக்கானிக். திரும்பி வந்ததும் ஊரில் எல்லோரையும் போல மாடி வீடு கட்டுவான் என்று பார்த்தால், ஜெனித் சிஎச் 701 கிட் ஒன்றை வரவழைத்து, தோப்பில் தேங்காய்க் களத்துக்குப் பக்கத்து ஷெட்டில் விமானம் கட்ட உட்கார்ந்துவிட்டான். இரண்டு பேர் உட்காருகிற குட்டி விமானம், ரோட்டாக்ஸ் 912 என்ஜின். தகடு, ரிவெட், என்ஜின் எல்லாம் அவனே பார்த்துக்கொண்டான். வயரிங் வந்ததும், "அம்மிணி, இது உன்ற டிபார்ட்மென்ட்" என்று, என்ஜின் அளவுகளையெல்லாம் காட்டுகிற டைனான் ஸ்கைவியூ திரையையும் ஒரு சாக்கு நிறைய வயரையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டான். விமானத்துக்கு அனுமதி தருகிற அரசுத் துறையான டிஜிசிஏவில் காகித வேலை இன்னும் நடக்கிறது, அது அவன் பாடு. வண்டி இதுவரை தரையை விட்டுக் கிளம்பவில்லை. அதனால் நான் சொல்வதெல்லாம் கட்டி நிறுத்தி என்ஜின் ஓட்டிப் பார்த்ததை வைத்துத்தான், மேலே போய்ப் பார்த்ததை வைத்து இல்லை.

இந்தத் திரைகளுக்கும் சென்சார் பெட்டிகளுக்கும் பின்னால் இருப்பது நமக்குத் தெரிந்த சமாசாரம்தான். பழைய கம்ப்யூட்டரில் பிரிண்டர் சொருகுவோமே, அதே டி-சப் கனெக்டர். 9 பின், 25 பின், 37 பின் என்று விதவிதமாக. பிரிண்டர் கேபிளில் வயரைச் சால்டர் வைத்திருப்பார்கள். விமானத்தில் பெரும்பாலும் வயர் முனையில் தனித்தனியாகப் பின்னை அடித்து, ஒவ்வொன்றாகக் கனெக்டரில் சொருகுவார்கள். சால்டர் கூடவே கூடாது என்று சட்டமில்லை. ஆனால் உருகின ஈயம் வயருக்குள் திரி எண்ணெய் குடிப்பது மாதிரி மேலே ஏறி, அதுவரை கம்பியைக் கட்டையாக்கிவிடும். கட்டையான இடமும் வளைகிற இடமும் சேருகிற எல்லையில்தான் என்ஜின் அதிர்வு எல்லாம் போய் உட்காரும். கொஞ்ச நாளில் அங்கே முறியும். ஆடாமல் அசையாமல் சுவரில் நிற்கிற பேனலுக்கு இந்தக் கவலை கிடையாது, அதனால் கம்பெனியில் இருந்தவரை எனக்கும் இது தெரியாது.

சரி, டூலுக்கு வருவோம். முதலில் நான் வாங்கியது இது இல்லை. ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு ஒன்று, பெட்டியில் கம்பெனிப் பெயர்கூட ஒழுங்காக இல்லை, "டி-சப் பின்னுக்கு ஏற்றது" என்று மட்டும் போட்டிருந்தது. ராட்செட் இருந்தது, கிளிக் சத்தமும் நன்றாகவே வந்தது. அந்தச் சத்தத்தை நம்பி 37 பின் கனெக்டர் முழுக்க அடித்து முடித்தேன், லேசாக இழுத்துப் பார்த்தேன், நின்றது, சொருகிவிட்டேன்.

ஆடி மாதக் காற்று. பாலக்காட்டுக் கணவாயில் அந்தக் காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஷெட் தகரம் என்ஜினைவிட அதிகச் சத்தம் போட்டது. முதல் தடவை ஸ்டார்ட் ஆனதே ஒரு திருவிழா, அம்மா தேங்காய் உடைத்தாள். 2,500 ஆர்பிஎம் தாண்டினதும் திரையில் ஆயில் பிரஷர் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. அண்ணன் என்ஜினை நிறுத்திவிட்டான். மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஐடிலில் 3 பார் பிரஷர், அழகாக நிற்கிறது. ஏற்றினால் பெருக்கல் குறி, இறக்கினால் 3 பார். அவன் ஆயில் பம்ப்பைக் கழற்றக் கிளம்பினான். "நில்லுண்ணா" என்று பிடித்து நிறுத்தினேன், ஏனென்றால் ரோட்டாக்ஸில் இப்போது வருகிற ஆயில் பிரஷர் சென்சார் 4-20 மில்லி ஆம்பியர் வகை, பிரஷரைக் கரண்ட் அளவாகச் சொல்வது. கஞ்சிக்கோட்டில் நாள் முழுக்க நான் மேய்த்த ஆடு அது. பிரஷர் நிஜமாகவே இல்லை என்றால் 4 மில்லி ஆம்பியர் வந்து சுழியம் என்று காட்ட வேண்டும். அதுவும் இல்லாமல் பெருக்கல் குறி வருகிறது என்றால் அந்தக் கரண்ட் ஓடுகிற லூப் எங்கேயோ அறுந்து அறுந்து சேருகிறது, ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கனெக்டர் மூடியைக் கழற்றி ஒவ்வொரு வயராக இரண்டு விரலால் இழுத்தேன். ஏழாவதோ எட்டாவதோ, மல்லிகையைக் காம்பிலிருந்து உருவினால் வருமே, அந்த மாதிரி சத்தமில்லாமல் கையோடு வந்துவிட்டது. பின் உள்ளேயே இருக்கிறது, வயர் என் விரலில். அந்தப் பின்னை வெளியே எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. டூல் பின்னைச் சரியான ஆழத்தில் பிடிக்கவில்லை. நாலு பல்லும் கம்பி இருக்கிற இடத்தை விட்டுவிட்டுக் குழாயின் வாய்ப் பக்கம் பதிந்திருக்கிறது, ஒரு பக்கம் வாய் கீறியும் இருந்தது. அந்தக் கனெக்டரில் அடித்த எல்லாப் பின்னையும் வெட்டி எறிந்தேன். விற்றவர்களுக்கு எழுதினேன், பணத்தைத் திருப்பித் தரக் கெடு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. போகட்டும்.

அதற்கப்புறம் வந்ததுதான் ஏஎஃப்எம்8. கையில் வாங்கினதும் முதலில் தெரிவது, இதற்கு இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்தால்தான் வேலை செய்யும் என்பது. ஒன்று, பொசிஷனர். பின் எவ்வளவு ஆழம் போய் நிற்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது, கைப்பிடியைத் திறந்து வைத்து உள்ளே விட்டுக் கால் திருப்பு திருப்பினால் பூட்டிக்கொள்ளும். சாதாரண டி-சப் பின்னுக்கு கே13-1. இன்னொன்று, மேலே இருக்கிற 1 முதல் 8 வரை எண் போட்ட குமிழ், பல் எவ்வளவு ஆழம் அழுத்த வேண்டும் என்பதற்கு. எந்த கேஜ் (கம்பி கனம்) வயருக்கு எந்த எண் என்று பொசிஷனரிலேயே பொறித்திருக்கிறது. 20 முதல் 32 கேஜ் வரை அடிக்கலாம். மலிவு டூலில் நாலு பள்ளம், இதில் எட்டு, சுற்றிலும் ஒரே சீராகப் பதிகிறது.

வேலை செய்கிற விதம் இப்படி. 22 கேஜ் டெஃப்ஸெல் (சூடு தாங்குகிற உறை போட்டது) வயர் முனையை நாலரை மில்லிமீட்டர் உரித்து, 19 இழையில் ஒன்றுகூட வெட்டுப்படவில்லையே என்று பார்த்து, பின்னின் குழாயில் விட வேண்டும். குழாயின் பக்கவாட்டில் ஊசி முனை அளவு ஒரு துளை இருக்கும், அதில் வெள்ளிப் பளபளப்பாகக் கம்பி தெரிய வேண்டும், தெரியவில்லை என்றால் வயர் முழுசாக உள்ளே போகவில்லை. அப்புறம் டூலில் வைத்து அழுத்தினால் பாதியில் விட முடியாது, முழுசாக அழுத்தும்வரை அது வாயைத் திறக்காது. எடுத்துப் பார்த்தால் குழாயின் நடுவில் எட்டுப் பள்ளம், வாயில் கீறல் இல்லை, துளையில் இன்னும் கம்பி தெரிகிறது. இதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலத் தோன்றுகிற அளவுக்கு அழகு. அண்ணன் சிரிக்கிறான், சிரிக்கட்டும்.

இந்தத் தடவை விரலால் இழுத்துப் பார்ப்பதோடு விடவில்லை. 22 கேஜ் பின் அஞ்சு கிலோவாவது தாங்க வேண்டும் என்பது கணக்கு. சமையலறையில் பிரிக்காத அஞ்சு கிலோ மட்டை அரிசிப் பை இருந்தது. பின்னை வைஸில் லேசாகப் பிடித்து, வயரில் கொக்கி போட்டு, பையைத் தொங்கவிட்டேன். பத்து பின் அடித்தால் ஒன்று என்று எடுத்து இப்படித் தொங்கவிட்டுப் பார்த்தேன், ஒன்றும் நழுவவில்லை. பழைய டூலில் அடித்துத் தூக்கி எறிந்ததில் நாலைக் குப்பையிலிருந்து பொறுக்கித் தொங்கவிட்டுப் பார்த்தேன், மூன்று தரையில். அரிசிப் பை கிழியாதது அம்மாவின் புண்ணியம்.

மறுபடி என்ஜினை ஓட்டினோம். 4,000 ஆர்பிஎம் வரை ஏற்றியும் ஆயில் பிரஷர் நிற்கிற இடத்தில் நின்றது.

குறை இல்லாமல் இல்லை. பொசிஷனர் தனியாக வாங்க வேண்டும், விற்கிறவர்கள் படத்தில் சேர்த்துக் காட்டிவிட்டுப் பெட்டியில் வைக்க மாட்டார்கள், கேட்டுக்கொண்டு வாங்குங்கள். நெருக்கமான பின் வைத்த கனெக்டர்கள் உண்டு, கார்மினின் பழைய ஜிஎன்எஸ் 430 பின்னால் வருகிற 78 பின் மாதிரி, அவற்றுக்கு வேறு பொசிஷனர், இன்னொரு செலவு. திருகில் மாட்டுகிற வளைய முனை, அதாவது லக், அடிக்க இது உதவாது. பேனலுக்குள் தலையை விட்டுக்கொண்டு, வயர் விரலளவு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் இதை நுழைப்பது முடியாத காரியம். அதனால் வயர்க் கட்டை (ஹார்னஸ்) வெளியே சாப்பாட்டு மேசையில் வைத்து முடித்துவிட்டு உள்ளே கொண்டுபோக வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று வாரம் எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

டூலின் தப்பு இல்லை, என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். 25 பின் கனெக்டரை முன்பக்கம் பார்த்து எண்ணி, பின்பக்கத்திலிருந்து சொருகினேன். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடது வலமாகிவிட்டது. நல்ல வேளை, கரண்ட் கொடுக்கும் முன்பே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். சொருகின பின்னைக் கழற்ற, ஒரு முனை சிவப்பு, ஒரு முனை வெள்ளையாக ஒரு சின்ன பிளாஸ்டிக் குச்சி வரும், வெள்ளை முனையைப் பின்பக்கமாக வயரோடு விட்டுத் தள்ளினால் பின் கழன்று வரும். அது பத்து ரூபாய்ப் பேனா மூடி தரத்தில்தான் இருக்கும், முனை சீக்கிரம் மடங்கிவிடும், நாலு வாங்கி வையுங்கள். கிரிம்ப் நன்றாக இருந்ததால் 25 பின்னையும் கழற்றி, மாற்றிச் சொருகியும் ஒன்றும் ஆகவில்லை, சால்டராக இருந்தால் அன்றைக்கு அழுதிருப்பேன்.

இன்னொன்று, என்ஜின் புகைக்குழாய்ச் சூடு காட்டுகிற சென்சார், கே டைப் தெர்மோகப்பிள். அமெரிக்க நிறக் கணக்கில் மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். நம் ஊர் வயர்மேன் யாரைக் கேட்டாலும் சிவப்பு பிளஸ் என்றுதான் கை போகும், எனக்கும் போனது. சூடேறினால் எண் இறங்குகிறதே என்று முழித்தேன். சந்தேகம் வந்தால் ஃபிரிட்ஜ் காந்தத்தை எடுத்து வைத்துப் பாருங்கள், மைனஸ் கம்பியில் ஒட்டும். இதில் செம்புக் கம்பி வைத்து நீட்டவும் கூடாது, அதே உலோகக் கம்பிதான் போக வேண்டும்.

வயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அண்ணன் முதலில் வீட்டு வயரிங்கில் மிஞ்சின பிவிசி வயரே போதும் என்றான். அது 70 டிகிரி, டெஃப்ஸெல் 150 டிகிரி என்று சொல்லிப் பார்த்தேன், காதில் ஏறவில்லை. வாசலில் வைத்து இரண்டிலும் லைட்டரைக் காட்டினேன். பிவிசியில் கரும்புகை, கண் எரிந்தது. டெஃப்ஸெல் உருகிக் கருகியது, தீயை எடுத்ததும் அணைந்துவிட்டது. இரண்டு புகையும் கெட்டதுதான், நீங்கள் செய்து பார்க்காதீர்கள், நான் செய்ததே தப்பு. ஆனால் மூடின காக்பிட்டுக்குள் அந்தக் கரும்புகை வந்தால் என்ன ஆகும் என்று யோசித்து, மறுநாளே ஆர்டர் போட்டுவிட்டான்.

பழையதாக வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது: பல் தேய்ந்திருக்கிறதா என்று அளக்கிற கோ, நோ-கோ கேஜ் வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஒரு முனை பல்லுக்கு நடுவே நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. கேஜ் கையில் இல்லை என்று விற்கிறவர் சொன்னால், பத்து பின் அடித்து இழுத்துப் பார்க்கிறேன் என்று கேளுங்கள், தயங்கினால் வந்துவிடுங்கள். எனக்கு விற்றவர் கேஜையும் சேர்த்தே கொடுத்தார்.

அடுத்தது ரேடியோ. ஆண்டெனாவுக்கு ஆர்ஜி-400 கேபிள், பிஎன்சி கனெக்டர், அதற்கு அறுகோண அச்சு (டை) போட்ட வேறு கிரிம்பர் வேண்டும், ஏஎஃப்எம்8 கிட்டேயே போகாது. நேற்று அண்ணனிடம் சொன்னேன். "இன்னொண்ணா?" என்றான். அரிசிப் பை இன்னும் ஷெட்டில் கொக்கியில்தான் தொங்குகிறது, அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.