இட்லிப் பூவா, ஊதாப் புல்லா? இரண்டாண்டு வளர்த்த பின் ஒரு மதிப்பீடு

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு வாயிற்படியிலிருந்து தெருப்பக்கச் சுற்றுச்சுவர் வரை ஏறத்தாழ 20 அடி நீளத்துக்கு ஒரு வெற்று மண்பாத்தி கிடந்தது. அங்கே என்ன நடலாம் என்று நர்சரியில் கேட்டபோது, அருகருகே வைக்கப்பட்டிருந்த இரண்டு செடிகளைக் காட்டி, இரண்டுக்கும் பராமரிப்பே தேவையில்லை என்றார்கள். ஒன்று இட்லிப் பூ. மற்றொன்று பர்ப்பிள் ஃபவுண்டன் கிராஸ் என்று நர்சரிகளில் வழங்கும், செம்பழுப்பு நிற இலையும் அணில் வாலைப் போல வளைந்து தொங்கும் கதிரும் கொண்ட அலங்காரப் புல். வகைக்கு ஆறாக வாங்கி, ஒன்றுவிட்டு ஒன்றாக வரிசையாக நட்டேன். இரண்டு ஆண்டுகள் கடந்த பிறகு சொல்ல வேண்டியது இதுதான்: இரண்டும் நல்ல செடிகள், ஆனால் ஒன்றுக்கு உயிர் கொடுக்கும் தண்ணீரும் உரமும் மற்றொன்றைக் கெடுக்கின்றன, ஆகவே அவற்றை ஒரே பாத்தியில் கலந்து நடும்படி யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

முதலில் இட்லிப் பூ. தென்னிந்தியாவும் இலங்கையுமே இதன் தாயகம். தொல்காப்பியம் ஆநிரை கவரும் போருக்கு எந்தப் பூவின் பெயரைச் சூட்டியதோ அந்த வெட்சி இதுதான். காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதைப் பளபளப்பான எதிரெதிர் இலைகளைப் பார்த்தாலே ஊகிக்கலாம். நம் மண்ணின் செடி என்பதால் நம் மண் எல்லாவற்றிலும் தழைத்துவிடும் என்று நான் நம்பியது தவறு. வெட்சி சற்றே அமிலத்தன்மை கொண்ட மண்ணை விரும்புவது. எங்கள் பாத்தியிலோ சுண்ணாம்பு கலந்த கரிசல் மண், அதற்கு மேல் ஆழ்துளைக் கிணற்றின் உப்பேறிய தண்ணீர். மூன்றாம் மாதத்திலேயே குருத்திலைகள் வெளிறின. நரம்புகள் பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகிவிடும் அந்தத் தோற்றம் இரும்புச் சத்துக் குறைவின் அடையாளம். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. காரத்தன்மை மிகுந்த மண்ணில் அது வேர் உறிஞ்ச முடியாத நிலைக்கு மாறிவிடுகிறது. இதை அறியாமல் நான் தொழு உரத்தை அள்ளி அள்ளி வைத்தேன், மஞ்சள் மாறவில்லை.

குணப்படுத்தியவை மூன்று. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதியுடன் (இரும்புச் சத்து தரும் ஃபெரஸ் சல்பேட் உப்பு) சிறிதளவு எலுமிச்சைச் சாறு கலந்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாலை வேளையில் இலைகளின் மேல் தெளித்தேன். மண்ணில் இட்டால் சுண்ணாம்பு அதை உடனே முடக்கிவிடும் என்பதால் இலைவழியே கொடுப்பதுதான் பயன் தரும். வேர்ப்பகுதியைச் சுற்றிச் செம்மண்ணும் இலைமக்கும் சேர்த்து மண்ணை மாற்றினேன். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆழ்துளைத் தண்ணீரை நிறுத்திவிட்டு, குழாயில் சிறுவாணித் தண்ணீர் வரும் நாளில் இரண்டு வாளி பிடித்து வைத்து அதையே ஊற்றினேன். குடித்தால் இனிக்கும் அந்தத் தண்ணீரின் அருமையை இலைகளின் பச்சையிலும் கண்டேன். ஐப்பசி மழையில் நனைந்த பிறகு வந்த குருத்துகளில் மஞ்சளின் சாயலே இல்லை.

உடல் தேறிய வெட்சி தரும் மகிழ்ச்சிக்கு நான் அறிந்த வரையில் ஈடு குறைவு. ஒவ்வொரு கொத்திலும் ஊசி ஊசியாக நிற்கும் மொட்டுகள் ஒரே நாளில் விரியாமல் சிறிது சிறிதாக மலர்வதால், ஒரு கொத்து பல நாள் வாடாமல் செடியிலேயே நிற்கிறது. பூவின் குழல் நீண்டு மெலிந்தது. அடியில் இருக்கும் தேனை எட்டும் அளவுக்கு நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள பட்டாம்பூச்சிகள் காலை வெயிலில் வரிசையாக வந்து அமரும். எங்கள் பாட்டி பூவைக் காம்போடு இழுத்து அந்தத் துளித் தேனைச் சுவைக்கக் கற்றுக்கொடுத்தார். இன்று என் மகள் அதையே செய்கிறாள். ஆனால் ஒரு எச்சரிக்கை. மொட்டு கிளையின் நுனியில்தான் வைக்கும். வேலி போலச் சீராக இருக்க வேண்டும் என்று மாதந்தோறும் கத்தரிப்பவர்கள் மொட்டையும் சேர்த்தே வெட்டியெறிகிறார்கள். ஒரு பருவப் பூ உதிர்ந்ததும் ஒருமுறை கவாத்து செய்தால் போதும். மாவுப்பூச்சியும் எறும்பும் கோடையில் கூட்டாக வரும். வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் அடங்கும்.

இனி புல். இதன் இயல்பு முற்றிலும் வேறு. நட்ட முதல் மாதத்துக்குப் பிறகு இது எதையும் கேட்கவில்லை. கம்புக்கு நெருங்கிய உறவு என்பதால் வெயிலையும் வறட்சியையும் தாங்கும் திறன் அதன் பிறவியிலேயே இருக்கிறது, ஊரிலிருந்து வந்த பெரியப்பா பார்த்தவுடனே, "ஏம்மா, வாசல்ல கம்பு வெதைச்சிருக்க?" என்று கேட்டது பொருத்தமான கேள்விதான். உப்புத் தண்ணீர் இதைப் பாதிக்கவில்லை. பாதித்தது என் கவனிப்பு. வெட்சிக்காக நான் ஊற்றிய தண்ணீரும் வைத்த எருவும் பக்கத்துப் புல்லின் வேருக்கும் சென்றன. எரு மிகுந்து தாள்கள் நீண்டு தளர்ந்து தரையில் சாய்ந்தன, கரிசல் மண்ணில் ஈரம் தேங்கி இரண்டு தூர்கள் நடுவில் அழுகின. மாமர நிழல் விழும் இடத்தில் நட்டிருந்த தூரில் செந்நிறமே மங்கிப் பச்சையாகிவிட்டது. இந்தப் புல்லின் நிறம் முழு வெயிலில்தான் ஏறும் என்பதை வாங்குபவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஆடி மாதத்தில் இதைப் பார்க்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் ஊரில் எல்லாச் செடிகளையும் அலைக்கழிக்கும். இந்தப் புல் ஒன்றுக்குத்தான் அந்தக் காற்று அழகு சேர்க்கிறது. வெட்சி நின்ற இடத்தில் நின்று பூக்கும் செடி. புல்லின் அழகு முழுவதும் அசைவில் இருக்கிறது.

இருப்பினும் இப்புல்லைப் பற்றி எனக்கு ஒரு கடுமையான மனக்குறை உண்டு. வாங்கிய ஆறில் ஒன்று ஊதா வகை அன்று. பச்சை இலையுள்ள சாதாரண வகை. கதிர் வெளிறி வந்தபோதும் நான் கவலைப்படவில்லை. அடுத்த மழைக்குப் பிறகு சாக்கடை ஓரத்திலும் நடைபாதைக் கல் இடுக்கிலும் அதன் கன்றுகள் முளைத்து நின்றன. ஊதா வகை பெரும்பாலும் விதை பிடிக்காதது; ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட பச்சை வகையோ விதையைக் காற்றில் பரப்புவது. ஹவாயின் வறண்ட எரிமலைப் பாறை நிலங்களில் பரவி, காய்ந்து, காட்டுத் தீக்கு எரிபொருளாகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் அதைத் தடை செய்யப்பட்ட அயல் படையெடுப்பு இனங்களின் பட்டியலில் சேர்த்தது. அத்தகைய செடியைப் பெயர் அட்டை கூட இல்லாமல் "அலங்காரப் புல்" என்று மட்டும் சொல்லி விற்றது பொறுப்பான செயல் அன்று. நான் அதை வேரோடு பிடுங்கி, கதிர்களைத் தனியே எரித்தேன்.

இப்போது பாத்தியைப் பிரித்துவிட்டேன். வாளித் தண்ணீர் எட்டும் வாயிற்படியோரம் வெட்சி ஆறும் நிற்கின்றன. வெயில் காயும் சுவரோரத்தில், சரளை கலந்து மேடாக்கிய மண்ணில், புல் நிற்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, மார்கழி முடிந்ததும், புல்லைத் தரையிலிருந்து அரையடி விட்டு அறுத்துவிடுகிறேன். தாளின் ஓரம் தோலைக் கீறும் என்பதால் கையுறை அவசியம். பூ வேண்டும், நல்ல தண்ணீர் இருக்கிறது என்பவர்களுக்கு வெட்சியையும், காய்ந்த இடம், கவனிக்க நேரம் குறைவு என்பவர்களுக்கு ஊதாப் புல்லையும் மனமாரப் பரிந்துரைக்கிறேன். புல் வாங்கச் செல்பவர்கள் இலையும் கதிரும் இரண்டுமே செந்நிறமாக உள்ள தொட்டியை, கதிர் வந்த நிலையில் கண்ணால் பார்த்தே எடுக்க வேண்டும். என்னைப் போல ஆறு தொட்டிக்குச் செலவழிக்கவும் வேண்டாம். இரண்டாம் ஆண்டில் ஒரு தூரை மண்வெட்டியால் நான்காகப் பிளந்து நட்டுக்கொள்ளலாம், இரண்டே தொட்டிகள் ஒரு சுவருக்குப் போதும்.